மொஹமடன் ஸ்போர்ட்டிங்: கறுப்பு வெள்ளைச் சட்டையின் கதை, நமது கழகங்களுக்கும் சேர்த்து



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். உதைபந்தாட்டத்தில் ஆர்வம் இல்லாதவர்களும் கடைசிவரை வாசித்தால் சந்தோஷம், ஏனென்றால் இது பந்தைப் பற்றியது மட்டுமில்லை.

ஒவ்வொரு வருடமும் சுற்றுப்போட்டிக் காலம் நெருங்கினால் நமது வாட்ஸ்அப் குழுக்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரே வாக்குவாதம்தான். கழகம் என்றால் ஊரின் மானம், ஊர்ப் பிள்ளைகள் மட்டும்தான் ஆட வேண்டும் என்று ஒரு பக்கம். வெல்ல வேண்டுமென்றால் நல்ல ஆட்டக்காரன் எங்கிருந்தாலும் கூப்பிட வேண்டும், பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளையாக இருந்தால்தான் என்ன என்று இன்னொரு பக்கம். இடையில் ஒருவர் கழகத்தின் பெயரையே மாற்றச் சொல்வார். இன்னொருவர் கணக்குக் கேட்பார். கடைசியில் இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறுவார்கள்.

இந்த வாக்குவாதம் நமது வாவிக் கரையில் பிறந்ததல்ல. நம்மைவிடப் பெரிய ஒரு கழகம் இதே கேள்வியோடு நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. கல்கத்தாவின் மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம்தான் அது. நம்மில் பலருக்கு மோகன் பகானைத் தெரியும். 2022 ஏப்ரலில் நமது நாட்டின் களுத்துறை புளூ ஸ்டார் கழகம் ஏ.எஃப்.சி. கிண்ணத்துக்காகக் காத்மண்டுவில் மச்சிந்திரா கழகத்தை 2-1 என வென்று, அடுத்த சுற்றில் கொல்கத்தா சோல்ட் லேக் மைதானத்தில் ஏ.டி.கே. மோகன் பகானிடம் 5-0 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அதே நகரத்தில் இருக்கும் இந்த மூன்றாவது பெரிய கழகத்தைப் பற்றி நம்மிடம் பேச்சே இல்லை. எனவே இந்தப் பதிவு.

*தொடக்கம்*

1887இல் கல்கத்தா முஸ்லிம்கள் சிலர் ஜூபிலி கிளப் என்ற பெயரில் தொடங்கிய சிறு அமைப்பு, இரண்டு மூன்று பெயர்கள் மாறி, 1891இல் மொஹமடன் ஸ்போர்ட்டிங் கழகம் ஆனது. மோகன் பகான் அதற்கு இரண்டு வருடம் மூத்தது, 1889. ஈஸ்ட் பெங்கால் வயதில் இளையது, 1920. இன்றுவரை கொல்கத்தாவின் "பெரிய மூன்று" இவைதான்.

அந்தக் காலத்து ஆட்ட உலகம் வெள்ளையருடையது. டியூரண்ட் கிண்ணம் 1888இல் சிம்லாவில் படையினருக்காகத் தொடங்கியது. ஐ.எஃப்.ஏ. எனப்படும் இந்திய உதைபந்தாட்டச் சங்கமும் அதன் கேடயமும் 1893இல் வந்தன. கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. லீக்கின் முதல் பிரிவில் நெடுங்காலம் இந்தியக் கழகங்களுக்கு இடமே இல்லை. பிறகு இடம் கொடுத்தபோதும் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் முதல் பிரிவில் இருக்கக் கூடாது என்றொரு விதி இருந்தது. 1925இல்தான் அது நீங்கியது. திறமை இருந்தாலும் வாசலில் நிற்க வேண்டும் என்பது அதன் பொருள்.

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான், ஈஸ்ட் யோர்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்தியா முழுக்க அது கொண்டாடப்பட்டது. ஆனால் அதன் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் எந்த இந்தியக் கழகமும் அந்தக் கேடயத்தையோ லீக்கையோ வெல்லவில்லை.

காரணம் வீரம் குறைந்ததல்ல, மழை. கல்கத்தா லீக் நடப்பது மே தொடங்கி மழைக் காலம் முழுக்க. காய்ந்த தரையில் வெறுங்காலோடு பந்தைக் கட்டுப்படுத்தும் இந்திய வீரர், சேறு வந்தவுடன் சறுக்குவார். ஆணி வைத்த சப்பாத்து போட்ட சிப்பாய் நிமிர்ந்து ஓடுவார். மாரியில் நமது மைதானங்களில் ஆடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

*சப்பாத்தும் திட்டமும்*

மொஹமடன் அப்போது பெரிய கழகம் இல்லை. நூற்றாண்டின் தொடக்கத்தில் கூச் பிகார் கிண்ணத்தை வென்றிருந்தது, அவ்வளவுதான். லீக்கில் இரண்டாம் பிரிவில் கிடந்தது. 1930களின் தொடக்கத்தில் அஸீஸ் என்ற செயலாளரும் அவரோடு இருந்தவர்களும் இரண்டு முடிவுகளை எடுத்தார்கள்.

ஒன்று, மழை நாளில் நமது பிள்ளைகளும் சப்பாத்துப் போட வேண்டும். வெள்ளையரின் கனமான சப்பாத்து சரிவராது, பாரம் குறைந்ததாக வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு பழக வேண்டும். இன்று இது சின்ன விஷயமாகத் தெரியும். அன்று பழக்கத்தை மாற்றுவது லேசான வேலையல்ல. வெறுங்காலே நமது பெருமை என்று 1911க்குப் பிறகு ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டாவது முடிவு, ஆட்டக்காரரைத் தேடிப் போவது. வங்காளத்தில் மட்டும் தேடாமல் பெங்களூர், ஐதராபாத், வடமேற்கில் பெஷாவர், குவெட்டா வரை போய் ஆளைக் கொண்டு வந்தார்கள். தங்க இடம், சாப்பாடு, செலவு எல்லாம் கழகம் பார்த்தது. ஜும்மா கான், நூர் முஹம்மத், உஸ்மான் ஜான், ரஹீம், ரஷீத், அப்பாஸ் மிர்ஸா என்ற பெயர்களெல்லாம் இப்படி ஒன்று சேர்ந்தவை. "மந்திரவாதி" என்று வங்காளம் முழுக்க அறியப்பட்ட செய்யித் அப்துஸ் ஸமதும் வந்து சேர்ந்தார். அவர் 1895இல் பிறந்தவர். சேர்ந்தபோது வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

கவனியுங்கள். இன்று நாம் "வெளியாள் வேண்டாம்" என்று சண்டை போடுகிறோம். முஸ்லிம்களின் பெருமை என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்தக் கழகம் எழுந்ததே ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த, வங்காள மொழியே தெரியாத ஆட்டக்காரர்களால்தான்.

*1934 முதல் 1941 வரை*

1934. மொஹமடன் முதல் பிரிவுக்கு ஏறிய முதல் வருடம். அந்த வருடமே லீக் சம்பியன்! 1898இல் லீக் தொடங்கிய நாளிலிருந்து ஓர் இந்தியக் கழகம் சம்பியனானது அதுதான் முதல் தடவை. மோகன் பகானால் முடியாதது, ஈஸ்ட் பெங்காலால் முடியாதது, புதிதாக ஏறி வந்தவர்களால் முடிந்தது.

பலர் இதை அதிர்ஷ்டம் என்றார்கள். 1935இலும் வென்றார்கள். 1936, 1937, 1938 என ஐந்து வருடம் தொடர்ச்சியாக! 1936இல் கல்கத்தா எஃப்.சி.யை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் எடுத்தார்கள். ஒரே வருடத்தில் லீக்கும் கேடயமும் வென்ற முதல் இந்தியக் கழகம் மொஹமடன். கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் அவர்களை வாழ்த்திக் கவிதை எழுதினார்.

1940 அவர்களது உச்சம். அந்த வருடம் கல்கத்தா லீக், பம்பாயில் ரோவர்ஸ் கிண்ணம், டெல்லியில் டியூரண்ட் கிண்ணம் மூன்றும் அவர்களுக்கே. ரோவர்ஸ் இறுதியில் எதிரணி பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம். 1937இல் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்ற முதல் இந்தியப் பொதுமக்கள் அணி அந்தப் பெங்களூர் அணிதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1940 டிசம்பர் 12. டெல்லியில் டியூரண்ட் இறுதிப்போட்டி. எதிரணி ரோயல் வோர்விக்ஷயர் படைப்பிரிவு. போட்டி தொடங்கி 52 வருடங்களில் ஓர் இந்திய அணி அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. ஹாபிஸ் ரஷீதும் சாபுவும் அடித்த கோல்களால் மொஹமடன் 2-1 என வென்றது. அந்த ஆட்டத்துக்கு நடுவராக நின்றவர் ஹர்னாம் சிங் என்ற இந்தியர். வெள்ளைப் படையணி ஆடும் இறுதிப்போட்டியில் ஊதுகுழல் ஒரு சீக்கியரின் கையில், கிண்ணம் ஒரு முஸ்லிம் கழகத்தின் கையில். உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த டிசம்பரில் இது சின்னச் செய்தி அல்ல.

1941இலும் லீக். 1941, 1942இல் கேடயம். எட்டு வருடத்தில் ஏழு லீக் பட்டங்கள்.

*ஸலீமின் கால்கள்*

இந்த அணியில் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். முஹம்மத் ஸலீம். சப்பாத்துப் போடாமல் ஆடுவதையே விரும்பிய ஓரக்கள வீரர். 1936இல் சீன ஒலிம்பிக் அணி கல்கத்தாவில் ஆட வந்தபோது அவர்களுக்கு எதிராக ஆடினார். அதன் பிறகு உறவினர் ஒருவர் அவரைக் கப்பலேற்றி ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிப் போனார். நேரே கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகம். முகாமையாளர் வில்லி மேலியிடம், இந்த ஆளை ஒருதரம் சோதித்துப் பாருங்கள், ஆனால் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்று கேட்டார்கள். மேலி சம்மதித்தார்.

ஸலீம் செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். ஹமில்டன் அணிக்கு எதிராக 5-1, கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1. இரண்டிலும் செல்டிக் வெற்றி. ஆட்டத்துக்கு முன் செல்டிக்கின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து ஸலீமின் பாதங்களில் பட்டித் துணி சுற்றும் படம் ஒன்று இருக்கிறது. வெள்ளையர் ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஓர் இந்தியரின் காலடியில் ஒரு வெள்ளையர் குனிந்திருக்கும் அந்தப் படத்தை, பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும்போது காட்டலாம். ஒரு பாடப்புத்தகப் பக்கம் சொல்லாததை அது சொல்லும்.

பத்திரிகைகள் புகழ்ந்தன. கழகம் தங்கச் சொன்னது. ஸலீமுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டார்.

கதை அங்கே முடியவில்லை. ஸலீம் முதுமையில் நோயுற்றிருந்தபோது அவருடைய மகன் ரஷீத் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் போட்டார். வாப்பாவின் வைத்தியச் செலவுக்கு உதவி கேட்டு எழுதியது அது. மகன் பிறகு சொன்ன விளக்கம் வேறு. பணம் அவருக்கு நோக்கமில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அங்கே யாருக்காவது தன் வாப்பாவின் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கவே எழுதினாராம். பதில் வந்தது, உள்ளே 100 பவுண் வங்கி உண்டியல். அவர் அதை மாற்றவே இல்லை. சாகும்வரை வைத்திருப்பேன் என்றார்.

இரண்டே இரண்டு ஆட்டம், அதுவும் இரண்டாம் அணிக்கு. அதற்கும் அவர்கள் பதிவு வைத்திருந்தார்கள். இதை மனதில் வையுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

*கைதட்டல் இரண்டாகப் பிரிந்தபோது*

இனி கசப்பான பகுதி. இதைச் சொல்லாமல் வெற்றிகளை மட்டும் பட்டியல் போட்டால் அது வரலாறு ஆகாது.

1934இல் மொஹமடன் வென்றபோது வெள்ளையரை வீழ்த்திய இந்தியக் கழகம் என்று இந்துக்களும் மகிழ்ந்தார்கள். ஆனால் அது எப்படிப்பட்ட காலம்? 1932இல் தனித் தொகுதி அறிவிப்பு. 1937இல் தேர்தல், வங்காளத்தில் பஸ்லுல் ஹக்கின் அரசாங்கம். 1940 மார்ச்சில் லாகூர்த் தீர்மானம். அரசியல் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. அரசியல்வாதிகளுக்குக் கூட்டம் வேண்டும். மைதானத்தில் ஆயத்தமான கூட்டம் இருந்தது. கழகத்தின் வெற்றி கட்சியின் வெற்றியாகப் பேசப்பட்டது. எதிரணியின் தோல்வி எதிர்ச் சமூகத்தின் தோல்வியாகப் பேசப்பட்டது. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது கல்லெறி நடந்தது.

இதிலும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 1939இல் ஐ.எஃப்.ஏ.யின் நிர்வாகம் பாரபட்சமாக நடக்கிறது என்று சொல்லி மொஹமடன் லீக்கிலிருந்து விலகியபோது, ஈஸ்ட் பெங்காலும் காளிகாட்டும் அதனோடு சேர்ந்து விலகின. அந்த வருடம் மோகன் பகான் முதல் தடவையாக லீக்கை வென்றது. நியாயம் என்று வந்தால் மதம் கடந்து பக்கம் நிற்கிற ஆட்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். ஆனால் அந்தக் குரல் போதுமானதாக இருக்கவில்லை. 1946 ஓகஸ்ட் 16இல் தொடங்கிய கல்கத்தாக் கலவரம் அந்த நகரத்தை இரத்தத்தில் மூழ்கடித்தது. அடுத்த வருடம் நாடே பிரிந்தது.

உதைபந்தாட்டம் கலவரத்தை உண்டாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. வெளியே எரிந்த நெருப்பு மைதானத்துக்குள்ளும் வந்தது, மைதானம் அதை அணைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். 1990ஐ வாழ்ந்து கடந்த வாவிக் கரை மக்களாகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம்மிடமும் பக்கத்துக் கிராமங்களிலும் அந்த வருடம் ஜனாஸா இல்லாத, சாவு இல்லாத ஊர் எது?

*பிரிவினைக்குப் பிறகு*

பிரிவினையோடு கழகத்தின் புரவலர்களிலும் வீரர்களிலும் பலர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். மந்திரவாதி ஸமதும் போனார். 1964இல் பார்பதிபூரில் காலமானார். டாக்காவில் 1936இலேயே அதே பெயரில், அதே கறுப்பு வெள்ளைச் சட்டையில் ஒரு மொஹமடன் கழகம் உருவாகியிருந்தது. அது இன்றும் பங்களாதேஷின் பெருங்கழகங்களில் ஒன்று.

கல்கத்தாவில் மிச்சமிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1948இல் மறுபடியும் லீக்கை வென்றார்கள்! நாடு பிரிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில், "நீங்கள் ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்கள்" என்ற பார்வை எல்லாப் பக்கமும் இருந்த நேரத்தில். அந்தப் பட்டம்தான் என் கண்ணில் அவர்களது பட்டங்களிலேயே பெரியது. நாங்கள் இந்த ஊர்க்காரர்கள், இங்கேதான் ஆடுவோம் என்பதைக் கூட்டம் போட்டுச் சொல்லாமல் ஆடிச் சொன்னார்கள்.

பிறகு 1956, 1959இல் ரோவர்ஸ். 1957இல் லீக்கும் கேடயமும் சேர்ந்து. 1960இல் டாக்காவில் நடந்த ஆகா கான் தங்கக் கிண்ணம். வெளிநாட்டு மண்ணில் கிண்ணம் வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெயரை அது கொடுத்தது. எந்த நாட்டுக்குப் போகச் சொல்லி அவர்களைக் கேலி செய்தார்களோ, அந்த நாட்டுக்கே இந்தியாவின் கழகமாகப் போய்க் கிண்ணத்தோடு திரும்பினார்கள். 1967இல் லீக், 1971இல் கேடயம்.

நெடுங்காலம் முஸ்லிம் வீரர்கள் மட்டுமே ஆடிய கழகம் காலப்போக்கில் கதவைத் திறந்தது. 1980களில் ஈரானின் மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நஸீரி ஆடினார்கள். 1985இல் நைஜீரியாவிலிருந்து வந்த சீமா ஒகோரி இந்தியாவில் முதலில் போட்ட சட்டை மொஹமடனுடையது. பின்னாளில் அவர் இந்திய மைதானங்களையே ஆண்டார். 1981இல் லீக், 1983, 1984இல் ஃபெடரேஷன் கிண்ணம், 1980, 1984, 1987இல் ரோவர்ஸ். கதவைத் திறந்ததால் கழகத்தின் முகவரி தொலைந்து போகவில்லை. அதே பெயர், அதே சட்டை, அதே ரசிகர்கள்.

*இறக்கமும் மீட்சியும்*

அதன் பிறகு நீண்ட இறக்கம். தேசிய லீக் வந்தது, பெரும் நிறுவனங்களின் பணம் வந்தது, மொஹமடன் பின்தங்கியது. ஏறுவதும் இறங்குவதுமாகக் காலம் போனது. 2013இல் டியூரண்ட் கிண்ணத்தை மறுபடி வென்றார்கள், 1940க்குப் பிறகு 73 வருடம் கழித்து. 2014இல் டாக்காவின் ஷேக் ஜமால் கழகத்தைப் பெனால்டி உதைகளில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம். ஆனால் அதே 2014இல் தேசிய லீக்கின் மேல் பிரிவிலிருந்து இறங்கினார்கள். ஒக்டோபரில் காசில்லை என்று சொல்லிப் பிரதான அணியையே தற்காலிகமாக மூடினார்கள்! இரண்டு பெரிய கிண்ணங்களை அலுமாரியில் வைத்துக்கொண்டு, வீரருக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலை.

பழைய புகழ் சோறு போடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மீண்டதும் மெதுவாகத்தான். 2021 நவம்பரில் ரயில்வே எஃப்.சி.யை 1-0 என வென்று கல்கத்தா லீக், 40 வருடத்துக்குப் பிறகு. மூன்றாவது நிமிடத்தில் அந்த ஒரே கோலை அடித்தவர் ட்ரினிடாட் நாட்டின் மார்க்கஸ் ஜோசப். 2022, 2023இலும் அதே லீக், மொத்தம் 14 பட்டங்கள். 2022 மே மாதம் ஐ-லீக் பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டத்தில் கேரளாவின் கோகுலத்திடம் 2-1 எனத் தோற்று இரண்டாமிடம். 2024 ஏப்ரல் 6, ஷில்லாங் நகரில் லாஜோங் அணியை 2-1 என வென்று, ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே ஐ-லீக் சம்பியன். அந்தப் பட்டத்தால் ஐ.எஸ்.எல். எனும் முதல்தர லீக்குக்கு ஏறினார்கள்.

அந்த அணியைப் பாருங்கள். பயிற்சியாளர் ரஷ்யர். கோலடித்தவர்களில் ஓர் ஆர்ஜென்டீனர், ஒரு ரஷ்யர். அணியில் உஸ்பெகிஸ்தான், ஹொண்டுராஸ், மிசோரம் பிள்ளைகள். சட்டையில் மட்டும் பிறைச் சின்னமும் மொஹமடன் என்ற பெயரும்.

ஐ.எஸ்.எல்.லில் முதல் வருடம் 13 அணிகளில் 13ஆவது இடம். கசப்புத்தான். ஆனால் 2014இல் கதவை மூடியவர்கள் அந்த மேடையில் நின்று தோற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

*நமக்கு என்ன?*

என் கருத்தைச் சொல்கிறேன். ஏற்காதவர்கள் பண்போடு கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.

முதலாவது, பெயரும் அடையாளமும் வெட்கப்பட வேண்டியவை அல்ல. மொஹமடன் தன் பெயரை மாற்றாமலே 130 வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. 2019க்குப் பிறகு நமது பிள்ளைகளில் சிலர் ஊர்ப் பெயரைச் சொல்லவே தயங்கினார்கள். தயங்க வேண்டாம். பெயர் வாசற்பலகை. வாசலைத் திறப்பதா பூட்டுவதா என்பது வேறு கேள்வி.

மட்டக்களப்பு நகரில் நாம் எல்லோரும் போய் ஆடுகிற, பார்க்கிற மைதானத்துக்கு யாருடைய பெயர்? வெபர் அடிகளார். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளைப் பயிற்றுவித்த இயேசு சபைத் துறவி. ஒரு பாதிரியார் பெயர் இருப்பதால் அந்த மைதானத்தில் நமது பிள்ளைகள் ஓடாமல் விட்டார்களா? அதே மாதிரித்தான் நமது கழகங்களும் இருக்க வேண்டும். பெயர் நம்முடையதாக இருக்கட்டும். ஆரையம்பதிப் பிள்ளையும் நாவற்குடாப் பிள்ளையும் செங்கலடிப் பிள்ளையும் திறமை இருந்தால் அந்தச் சட்டையைப் போடட்டும். அங்கேயுள்ள கழகங்களில் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பிள்ளைகள் ஆடட்டும். ஒரே அணியில் ஒரு பருவம் ஆடிய இரண்டு பேர் வதந்தி வரும் இரவில் ஒருவருக்கொருவர் தொலைபேசி எடுப்பார்கள். அதன் பெறுமதி ஒரு கிண்ணத்தைவிட அதிகம்.

ஊர்ப் பிள்ளைக்கு இடம் போய்விடும் என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. பதினாறு, பதினெட்டு வயதுப் பிரிவுகளை ஊர்ப் பிள்ளைகளாலேயே நிரப்புங்கள். பிரதான அணியில் இத்தனை பேர் வெளியார் என்று கழகமே ஓர் எல்லை வைக்கட்டும். மேலே தகுதி பார்க்க வேண்டும், கீழே பயிர் வளர்க்க வேண்டும். இரண்டையும் செய்யலாம்.

இரண்டாவது, சப்பாத்து. 1934இன் வெற்றிக்குக் காரணம் கோஷமல்ல, ஒரு செயலாளர் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு. நமது கழகங்கள் சுற்றுப்போட்டிக்குப் பதாகையும் ஒலிபெருக்கியும் வைக்கச் செலவழிப்பதில் பாதியைப் பயிற்சியாளருக்கும் பிள்ளைகளின் சப்பாத்துக்கும் செலவழித்தால் ஐந்து வருடத்தில் வித்தியாசம் தெரியும், இன்ஷா அல்லாஹ்.

மூன்றாவது, கணக்கு. 2014ஐ மறக்காதீர்கள். கிண்ணம் இருந்தும் கதவு மூடப்பட்டது. வருடத்துக்கு ஒருதரம் வரவு செலவைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டும் கழகத்துக்கு ஊர் காசு கொடுக்கும். கேட்டால் கோபிக்கும் கழகத்துக்கு ஒரு தரம் கொடுக்கும், இரண்டாம் தரம் கொடுக்காது.

நான்காவது, கைதட்டல். நமது அணி தோற்றால் எதிரணியின் ஊரை, சமூகத்தை இழுத்துப் பேசுவதை முகநூலிலும் நிறுத்துவோம். கல்கத்தாவில் அது எங்கே கொண்டு போய்விட்டது என்று மேலே சொன்னேன். நடுவரின் தீர்ப்பில் குறை இருந்தால் சங்கத்துக்கு எழுத்தில் கொடுப்போம். மஃரிப் பாங்கோடு அன்றைய ஆட்டம் முடியட்டும், அதைப் பற்றிய பேச்சும் முடியட்டும்.

கடைசியாக ஸலீமின் மகனுக்குத் திரும்பி வருகிறேன். இரண்டு ஆட்டம் ஆடிய ஒரு வெளிநாட்டாரை ஒரு கழகம் ஞாபகம் வைத்திருந்தது. நமது கழகங்கள் இருபது வருடம் ஆடிய நம் சொந்த வாப்பாமாரை ஞாபகம் வைத்திருக்கின்றனவா? முதல் அணியில் ஆடிய பதினொரு பேரின் பெயர் எத்தனை கழகங்களிடம் எழுத்தில் இருக்கிறது? கிண்ணங்கள் துருப்பிடித்து, எந்த வருடம் எடுத்தது என்ற எழுத்தும் அழிந்து போயிருக்கிறது. படங்கள் சுனாமியிலும் இடம்பெயர்விலும் போயின. மிச்சமிருப்பது மூத்தவர்களின் ஞாபகம் மட்டும். அவர்களும் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பா, பெரியவாப்பா, மாமா, காக்கா யாராவது நமது பகுதிக் கழகங்களில் ஆடியிருந்தால், இந்த வாரம் அவர்களோடு உட்காருங்கள். எந்த வருடம், எந்த மைதானம், யார் யார் அணியில், எதிரணியில் யார், சப்பாத்து இருந்ததா வெறுங்காலா, எதில் ஏறிப் போனீர்கள், தோணியிலா லொறியிலா என்று கேளுங்கள். அணியில் தமிழ்ச் சகோதரர்கள் இருந்தால் அவர்களது பெயரையும் விடாமல் எழுதுங்கள். கைப்பேசியில் குரலைப் பதியுங்கள். பழைய படம் இருந்தால் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள், பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள். எனக்கு உள்பெட்டியில் அனுப்பினால் தட்டச்சு செய்து, கழகம் கழகமாகப் பிரித்து, அவரவர் கழகத்துக்கே திருப்பித் தருகிறேன். விடுமுறையில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கருத்துப் பெட்டியில் ஒரே ஒரு பெயராவது எழுதிவிட்டுப் போங்கள். உங்களுக்குத் தெரிந்த, உங்கள் ஊரில் ஆடிய, நாம் மறந்துவிடக் கூடாத ஒரு பெயர்.

வஸ்ஸலாம்.